முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு நீரிழிவு மிக அதிகம் என்று கலாநிதி நஸீஹா எழுதிய கட்டுரையை முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருந்தன. அதை நம்பித்தான் திங்கட்கிழமை பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்தாள். ஆனால் அதே பெண்களிடம் நேற்று மறுபடி எடுத்த இரத்தத்தில் சீனி சரியாக இருந்தது. கருவியை மூன்று முறை சோதித்தாள். பிழையில்லை. ஒன்றும் விளங்காமல், அந்தப் பெண்களில் ஒருத்தியான பேச்சியம்மாவைத் தேடி, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கே போனாள்.

"பேச்சியம்மாக்கா, மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்கு டொக்டரம்மா மருந்து? கல்லு மாதிரி இருக்கேன்."

"பாகற்காய் ஏதும்?"

"அத ஆக்கினா எங்க வீட்டுக்காரரு சட்டியோட வீசிருவாரு."

"நாலு வருசத்துக்கு முந்தியும் சாப்பிடாமத்தானே ரத்தம் குடுத்தீங்க?"

"சத்தியமா ஒரு பருக்கை உள்ள போகல. நேத்துதான் ரொம்ப மோசம். அஞ்சு மணிக்கே வந்துட்டீங்க, தேத்தண்ணி ஊத்தக்கூட நேரமில்ல."

"அப்ப முந்தி?"

"எட்டு மணிக்குத்தானே வந்தீங்க. ரெண்டு கோப்பை குடிச்சிட்டுத்தான் எல்லாரும் வரிசையில நின்னோம். நல்லா சீனி போட்டு."

நோன்பில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காத வீட்டில் வளர்ந்தவள் நஸீஹா. தேநீரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நம்ம லயத்தப் பத்தி நீங்க எழுதினத ஒலகமே படிக்குதாமே?" என்று பேச்சியம்மா பெருமையாகக் கேட்டாள்.

"படிச்சாங்கக்கா," என்றாள் நஸீஹா. "அது பிழைன்னு நாளைக்கே எழுதப் போறேன்."