மூட்டைப்பூச்சிக்கு வைத்த புகை

“இருளாண்டி, காரை வாசலுக்குக் கொண்டா!” இரண்டாங்கட்டிலிருந்து மீனாள் கத்தினாள்.

“எடுக்காதே!” முகப்பிலிருந்து அவள் அப்பா மெய்யநாதன் செட்டியார் கத்தினார்.

டிரைவர் இருளாண்டி நடுவில் நின்று விழித்தான். விடிந்தால் கண்டனூரில் இந்த வீட்டுக் கல்யாணம். மணப்பெண் தேனம்மைக்குக் காப்புக் கட்டியாயிற்று. மாப்பிள்ளைக்கு ஐம்பது வயது, மூன்றாந்தாரம். விருந்தாளிகள் படுக்கும் அறையில் மூட்டைப்பூச்சி ஒழியக் கந்தகம் கொளுத்தும் வேலை, நல்ல காரியத்தில் முகம் காட்டக் கூடாத வெள்ளைச் சேலைக்காரியான அக்காள் மீனாளுக்கு. அந்தப் புகைக்குள் தேனம்மை மாட்டிக்கொண்டாளாம்.

“புகைதானே? மிளகு கஷாயம் குடு. காப்புக் கட்டுன பொண்ணு எல்லை தாண்டக் கூடாது.”

மீனாள் தங்கையைத் தாங்கிக்கொண்டு முகப்புக்கு வந்தாள். “குரல் கம்மிப்போச்சு. மூச்சு இழுக்குது. உதட்டைப் பாருங்க அப்பச்சி, நீலம் பாஞ்சிருக்கு. இது கஷாயத்துக்குக் கேக்காது.”

“நீ என்ன டாக்டரா?”

“அறுபது வயசுக்காரருக்கு என்னைக் கட்டி வச்சீக. அவுக மூச்சு முட்டிச் செத்தப்பப் பக்கத்துல இருந்தவ நான். அன்னைக்கும் உதடு இப்படித்தான் இருந்துச்சு.”

செட்டியார் கடிகாரத்தைப் பார்த்தார். “காலையில கூட்டியாந்துருவியா?”

“புகை குடிச்சவுகளுக்கு இப்பத் தேவலை மாதிரி இருக்கும், பெறகு நெஞ்சுல நீர் கோக்கும். ராப்பூரா வச்சுத்தான் பாப்பாக.”

“முகூர்த்தம்?”

“பொண்ணு இருந்தாத்தானே முகூர்த்தம்!”

“துணைக்கு யாரு போறது?”

“நான்தான். கல்யாணத்துக்கு ஆகாதவ ஆஸ்பத்திரிக்கு ஆவேன்ல?”

இருளாண்டி காரைக்குடிச் சாலையில் பறந்தான். ஹாரன் சத்தத்தில் மாட்டுவண்டிகள் பள்ளத்தில் இறங்கின. பின்சீட்டில் தேனம்மையின் மூச்சு துருத்திபோல் இழுத்தது. ‘கருப்பா, பிள்ளையக் காப்பாத்து’ என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

ஊர் எல்லை தாண்டியதும் அந்த மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அவன் வேகத்தை இன்னும் கூட்டினான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

“ஆச்சி,” அக்காளைக் கூப்பிட்ட தேனம்மையின் குரல் வெண்கல மணியாகக் கேட்டது, “கந்தக நெடி எப்படி இருந்துச்சுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்ல?”

“தொண்டை எரிஞ்சுச்சுன்னு சொல்லு. மொதல்ல உதட்டைத் துடை. டாக்டர் வீட்டுலயும் சலவைக்கு நீலம் போடுவாக” என்று மீனாள் தன் வெள்ளை முந்தானையை நீட்டினாள்.