ஓரத்துல வர்றதுதானுங்க

“திரை ஓரத்துல சின்னதா விளம்பரம் வந்துட்டுப் போகுதுங்க மேடம். கண்டுக்காம உட்டுப்போடுங்க” என்றார் லேப்டாப் கடை கந்தவேல்.

போனில் பேசிய நாகஜோதி அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் பில் போடுகிறவள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி.

“வாங்குனதுலருந்து வேலையே ஓடல அண்ணாச்சி. வைரஸ் வந்துரும், காசு கட்டுன்னு ஒண்ணு. கேம் விளையாட வான்னு ஒண்ணு. இதையெல்லாம் நான் கேட்டனா?”

“அதெல்லாம் கூடவே போட்டு வர்றதுங்க. நாம என்ன பண்றது?”

“அப்ப நானே அழிச்சுக்கிடுதேன்.”

போனை வைத்துவிட்டாள்.

கந்தவேலுக்குப் பகீரென்றது. கண்டதையும் அழித்துவிட்டு, கெட்டுப்போச்சு, மாற்றிக் கொடு என்று நிற்பார்களே. மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார்.

பயந்தபடியே ஆகியிருந்தது. நாகஜோதியின் மேஜையில் லேப்டாப் திரை கன்னங்கரேலென்று கிடந்தது. அவளோ காதில் இயர்போனோடு விறுவிறுவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

“சொன்னனுங்களே மேடம். ஒரேயடியா அணைஞ்சு போச்சு பாருங்க.”

“நல்லாத்தான ஓடுது. வேண்டாததெல்லாம் அழிச்சாச்சு. இன்னைக்குக் கப்பலுக்குப் போற சரக்குக்குப் பில்லும் முடிஞ்சிருச்சு.”

“திரையே எரியலீங்களே?”

“அது எரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? சார்ஜ்தான் வீணு.”

இயர்போனைப் பிடுங்கினாள். லேப்டாப் கணீரென்று பில்லை வரிவரியாக வாசித்தது. அவள் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தடி அப்போதுதான் கந்தவேலின் கண்ணில் பட்டது.

“ஓரத்துல வந்தாலும் நடுவுல வந்தாலும் எனக்குக் காதுக்குள்ளதான் அண்ணாச்சி வந்து கத்தும்” என்றாள் நாகஜோதி. “இப்பக் கேளுங்க. என் பில்லைத் தவிர வேற ஒரு பேச்சு வருதா?”