குளிராத ஃபிரிட்ஜ்

"ஜோமோனே, ஃபிரிட்ஜ் மறுபடியும் குளிர மாட்டேங்குது" என்று சங்கனாச்சேரியிலிருந்து பைலி சொன்னதும், கத்தாரில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் மகனுக்கு உயிர் வந்துவிட்டது. மற்றபடி, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிற பிள்ளை அவன்.

"சென்சார்தான் அப்பச்சா. கழட்டி ஐஸ் தண்ணில போட்டீங்களா? மீட்டர்ல நம்பர் ஏறுதா?"

"ஏறுது மோனே. இல்ல, எறங்குது. ஒரு எடத்துல நிக்குதா பாரு, உன் மாமன் மாதிரி!"

ஜோமோன் சிரித்தான். "அங்க வேற மெக்கானிக்கே இல்லையா?"

"இருக்கான். அவன் தொட்டா நல்லதும் கெட்டுப்போகும். நீ சொல்லு."

சொன்னான். நடுநடுவே அங்கே அடிக்கிற வெயிலைச் சொன்னான், அறைத்தோழனின் குறட்டையைச் சொன்னான், செத்துப்போன அம்மா கனவில் வந்து திட்டியதைக்கூடச் சொன்னான். முக்கால் மணி நேரம் போயிற்று.

"சரி, சென்சார் வயர் என்ன நிறம்?"

"கண்ணு சரியாத் தெரியல மோனே. நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

போனை வைத்த பைலி நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"சோசம்மா, போன கிறிஸ்துமஸுக்கு என் ஃபிரிட்ஜை உனக்குக் குடுத்தேனே, எப்படி ஓடுது?"

"ஒரு மக்கரும் பண்ணல சேட்டா. ஏன், திருப்பி வேணுமா?"

"ஒத்தை ஆளுக்கு எதுக்கு? கதவை மட்டும் கொஞ்சம் திற. உள்ள ஒரு வயரோட நிறத்தைப் பாக்கணும். சொல்லத் தெரியலேன்னா அவன் போனை வெச்சிருவான்."