ஒரு பாட்டில் குறையுது

“ஒரு பாட்டில் குறையுதே, பாய். வீட்டுல நல்லாத் தேடிப் பாத்தீங்களா?”

டாக்டர் ரேணுகா, பாய் கொண்டுவந்த மருந்துப் பையை மேசைமேல் கவிழ்த்திருந்தார். ஹபீப் ரகுமான் சட்டைப் பையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. திருட்டுக்குப் பழகாத மனுசன், முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

காரைக்குடி கல்லுக்கட்டியில் செருப்புக் கடை வைத்திருப்பவர். மகள் பல்கீஸுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். இப்படிப்பட்ட பிள்ளைகள் மனிதர்களோடு ஒட்டிப் பழக ஒரு ஹார்மோன் மருந்து உதவுமா என்று ஆராய்ச்சி நடந்தது. காலையிலும் இரவிலும் பிள்ளையின் தலையைச் சாய்த்துப் பிடித்து அதை மூக்கில் ஸ்ப்ரேயாக அடிக்க வேண்டும்.

பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே பாட்டிலில் வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே இன்று காலைதான் தெரியும். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, காலி பாட்டில் உட்பட எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

“எடுத்துக் குடுத்துருங்க. இதென்ன சின்னப்புள்ளத்தனமா?” என்று மனைவி ஹசீனா அதட்டினாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். “இந்த மருந்துன்னா இவுகளுக்குப் பைத்தியம், டாக்டர். ஒரு நா கூட என்னைய அடிக்க விட்டதில்ல. யாவாரம் சூடா நடக்கையிலயே கடையப் பூட்டிட்டு ஓடியாந்துருவாக!”

டாக்டருக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு ஆசை வைத்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் முடியாது.

“பாய், மனசத் தேத்திக்கங்க. இந்த ஆராய்ச்சியில மருந்து எடுத்த பிள்ளைங்களுக்கும் எடுக்காத பிள்ளைங்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல.”

“சரி டாக்டர். இருந்தாலும் இன்னுங் கொஞ்சம் பாட்டில் குடுத்தீகன்னா...”

“இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க பொண்ணுக்குக் கிடைச்சது மருந்தே இல்ல. தண்ணி.”

ஹசீனா பொலபொலவென்று அழுதுவிட்டாள். அழாமல் என்ன செய்வாள்? மாசக்கணக்காகத் தொழுகை முடிந்ததும் அந்த மருந்துக்காகவே துஆ கேட்டவள். தாங்கமாட்டாமல் பக்கத்தில் நின்ற மகளை அணைக்கக் கை நீட்டினாள். பல்கீஸ் வெடுக்கென்று விலகி, மூலையில் போய் நின்று மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கியது.

ஹபீப் அழவில்லை.

“அந்தத் தண்ணியவே குடுங்க, டாக்டர்.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “படிச்சுப் படிச்சுச் சொல்றேன், காதுல ஏறலயா? தண்ணிதான் வேணும்னா மெடிக்கல்ல விக்குது, வாங்கி அடிச்சுக்கங்க!”

“ஆராய்ச்சி முடியப்போகுதுன்னு சொன்ன அன்னைக்கே வாங்கிட்டேன். புள்ள அதத் தூக்கி வீசிருச்சு. எத்தன விதமா வாங்கியாந்து பாத்தேங்குறீக! இந்த வெள்ளப் பாட்டில் இல்லன்னா கிட்டயே வரமாட்டேங்குது.”

“வராட்டிப் போகட்டுமே! ஒரு பிரயோசனமும் இல்லாத தண்ணிதானே? அதுக்கு எதுக்குப் பாய் இந்தப் பாடு?”

ஹபீப் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை. மூலையில் நின்ற மகளைப் பார்த்தார். அதுவரை அடக்கியிருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இத அடிக்கையில மட்டுந்தான் டாக்டர், எம்புள்ள கன்னத்தத் தொட விடுது.”