இரண்டாம் தாள்

முதல் தாள் முடிந்து மணி ஒலித்ததும், சின்னையன் புளியமரத்தடியிலிருந்து எழுந்து, காலையிலிருந்து பழகி வைத்திருந்த சிரிப்பை முகத்தில் பொருத்திக்கொண்டான்.

முதலில் அவன் பள்ளிக்கு எதிரேயுள்ள ஓட்டல் வாசலில்தான் அமர்ந்திருந்தான். உள்ளே மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் எழுந்து இந்த மரத்தடிக்கு வந்துவிட்டான்.

செங்கற்பட்டின் வெயிலில் கண்களைச் சுருக்கியவாறு அவனுடைய அக்காள் மகள் பூவாயி வெளியே வந்தாள்.

"இன்னா பூவாயி, பேப்பரு எப்டி?"

"போன தபாக்கு இது தேவல மாமா. ராபியா சொல்லிக்குடுத்த கணக்கு ரெண்டு அப்டியே வந்துச்சி. மத்தியானப் பேப்பருதான் பேஜாரு."

பங்குனியில் நடந்த எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் அவள் கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். இந்த ஐப்பசியில் தேறினால் நர்சுப் பயிற்சி. தவறினால் தாயோடு மீன்கூடை. அது அவளுடைய தந்தை தணிகைவேல் வகுத்த ஏற்பாடு.

ஓரெழுத்தும் அறியாத தணிகைவேல், சதுரங்கப்பட்டினத்துக் கடைக்காரர் பஷீருதீனின் மகள் ராபியாவிடம் அவளைக் கணக்குப் படிக்க அனுப்பினான். அவ்வீட்டார் கூலி பெற மறுத்தனர். ஆகவே, வலையில் அகப்பட்டவற்றுள் சிறந்த மீன் எப்போதும் அந்த வீட்டிற்கே சென்றது.

பரீட்சைக்கு முன் அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு வஞ்சிரமாவது கொடுக்க வேண்டும் என்று கூறித்தான், முந்தாநாள் தணிகைவேல் காற்றையும் பொருட்படுத்தாது கட்டுமரத்தைக் கடலில் தள்ளினான்.

நேற்று மாலை, கட்டுமரம் மட்டும் மாமல்லபுரத்துக் கரையில் ஒதுங்கியது.

பூவாயி அப்போது ராபியாவின் வீட்டில் இருந்தாள். அவள் திரும்புவதற்குள் குப்பம் கூடி முடிவெடுத்தது.

"பொண்ணு எழுதி முடிக்கட்டும். அழுவறதுக்கு ஆயுசு பூரா கீது" என்றார் முத்துசாமிப் பெரியவர்.

ஒப்பாரியை அடக்க இயலாத பெண்கள் அடுத்த குப்பத்திற்கு அனுப்பப்பட்டனர். துக்கத்திற்காகக் கரையேற்றிய கட்டுமரங்கள், பார்வைக்காக மீண்டும் கடலில் இறக்கப்பட்டன. காற்று மாறியதால் நைனா கோவளத்தில் தங்கிவிட்டார் என்று அவளிடம் கூறப்பட்டது. தாய் குப்பம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்து, வந்த அழுகையை உள்ளேயே விழுங்கினாள். விடிந்ததும் பொட்டு வைத்துக்கொண்டு மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

இவ்வாறு எத்தனையோ வழக்கங்களை அவர்கள் ஓரிரவில் மீறினார்கள். ஒன்றை மட்டும் மீறவில்லை. மீற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவும் இல்லை. கடல் கொண்டவனின் உடல் கரை சேரும் வரை, அந்தக் குப்பத்தில் எவரும் மீனைத் தொடுவதில்லை. எந்த மீன் எதைத் தின்றிருக்கும் என்று யாரால் சொல்ல இயலும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் காரியம் என்பது சின்னையனுக்குத் தெரியும். ஆயினும் இன்று மாலை வரை மறைத்தால் போதும்.

பூவாயி மரத்தடியில் அமர்ந்து தூக்கைத் திறந்தாள்.

புளிச்சோறு. அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல்.

பங்குனியில் இதே மரத்தடியில் நெத்திலி வறுவலைத் திறந்து, மூக்கைப் பொத்திய பெண்களிடம், "மீனு இல்லாத சோறு எனக்கு எறங்காது, எழுந்து அப்பால போங்கடி" என்று சண்டைக்கு நின்றவள் அவள்.

இப்போது அவள் விரலால் சோற்றை விலக்கினாள். அடி வரைக்கும் விலக்கிப் பார்த்தாள்.

"நீ துன்னியா மாமா?"

"ஆச்சி, ஆச்சி."

"இன்னா துன்னே?"

"எதுர் ஓட்டல்ல. ரெண்டு இட்லி."

"மீன் கொழம்பு வாசனை இங்க வரைக்கும் அடிக்குது. நீ இட்லி துன்னியா?"

சின்னையன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உண்ணத் தொடங்கினாள். விக்கியபோது தண்ணீர் குடித்தாள், மீண்டும் உண்டாள். தூக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையையும் அவள் விடவில்லை.

இரண்டாம் தாளுக்கு மணி ஒலித்தது.

அவள் குழாயடியில் தூக்கைக் கழுவி, தாவணி நுனியால் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள். முகத்தையும் கழுவியிருந்தாள், அதைத் துடைக்கவில்லை.

"நல்லா துன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு மாமா. மீன் ஏன் வெக்கலன்னு நான் கேக்கவே இல்லன்னும் சொல்லு."

திரும்பிப் பாராமல் அவள் பரீட்சைக் கூடத்திற்குள் சென்றாள்.

சின்னையன் தோளிலிருந்த துண்டைச் சுருட்டி, அக்காள் செய்ததைப் போலவே, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.