மணல் கடிகாரம் சுற்றும் நேரம்

தமயந்தி எழுதிய ஜாதக மென்பொருள் பழைய இயங்குதளத்திலும் ஓடும், புதியதிலும் ஓடும். இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் பழைய கணினியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்கிய சிவக்கொழுந்து ஜோசியர் மறுநாளே போன் செய்தார். "இது எனக்குச் சரிப்படாதும்மா." "ஏங்கய்யா, தப்பா காட்டுதா?" "சரியாத்தான் காட்டுது. பட்டனைத் தட்டினதும் கட்டம் வந்து நிக்குது. பழசுல கட்டம் வர்ற வரைக்கும் திரையில மணல் கடிகாரம் சுத்திக்கிட்டே இருக்கும்ல, அந்த நேரத்துலதான் வந்தவங்க வாயத் திறப்பாங்க. இப்ப யாரும் பேசவே மாட்டேங்கிறாங்க. பேசாதவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?" வேகத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே, புதிய இயங்குதளத்துக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: ஒன்றும் செய்யாதே, கடிகாரத்தைச் சுற்று. நேரில் போய் அதை நிறுவியவள், சோதித்துப் பார்க்கத் தன் பிறந்த தேதியையே அடித்தாள். கடிகாரம் சுற்றத் தொடங்கியது. ஜோசியர் திரையைப் பார்க்கவில்லை; மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எல்லார் கணினியையும் பாத்துக்கிற. நீ எப்படிம்மா இருக்க?" "எனக்கென்னங்கய்யா, நல்லாத்தான்..." என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கட்டம் எப்போதோ வந்துவிட்டது. ஜோசியர் சத்தமில்லாமல் கையை நீட்டித் திரையை அணைத்தார்.