சாட்சி நேரில் வரட்டும்

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம் மேடம். நீதிபதி முகத்தையே பாக்க வேண்டாம்” என்று, கடனை ஒப்புக்கொள்ளும் தாளை நீட்டினான் கெஸ்லர். முப்பது வயதுகூட ஆகாத, கடன் வசூல் கம்பெனியின் வக்கீல். டேட்டன் நகர நீதிமன்றத் தாழ்வாரத்தில் அன்று காலை மட்டும் ஏழு பேர் அவனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தார்கள்.

மார்வா டில்லார்ட் தாளை வாங்கவில்லை.

“ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நானூறு கையெழுத்துப் போடறேன். லீவு போட்டு இங்க வந்தும் அதேதானா தம்பி? தள்ளு, நான் உள்ள போய்ப் பேசிக்கறேன்.”

ஆறு வருடங்களுக்கு முன், ஜனவரிக் குளிரில் வீட்டு ஹீட்டர் செத்துப்போனபோது கிரெடிட் கார்டைத் தேய்த்துப் புதிது வாங்கினாள். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை பார்த்து அதைக் கடைசி டாலர் வரை அடைத்தாள். கடன் தீர்ந்ததென்று வங்கி கொடுத்த கடிதம், வீட்டு நிலவறைக்குள் வெள்ளம் புகுந்த வருடம் கூழாகிப்போனது. அந்த வங்கியும் இன்னொன்றோடு சேர்ந்து பெயர் மாறிவிட்டது.

இப்போது, பழைய கடன்களை மூட்டை மூட்டையாக அடிமாட்டு விலைக்கு வாங்கும் ஒரு கம்பெனி, இன்னும் நாலாயிரம் டாலர் பாக்கி என்று அவள்மேல் வழக்குப் போட்டிருந்தது. தோற்றால் சம்பளத்தில் கால் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தில் வாடகையா, சாப்பாடா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

“கடன அடைச்சதுக்கு ஏதாவது காகிதம் வச்சிருக்கீங்களாம்மா?” என்றார் நீதிபதி ஆஸ்ட்ரண்டர்.

“தண்ணியில போச்சுங்க ஐயா. அடைக்கலேங்கறதுக்கு இவங்ககிட்ட மட்டும் என்ன இருக்காம்?”

கெஸ்லர் எழுந்தான். “சத்தியப் பத்திரம் இருக்குங்க ஐயா. ‘இந்தக் கணக்கை நானே படித்துச் சரிபார்த்தேன், பாக்கி உண்மை’ன்னு சாட்சி ஒருத்தங்க உறுதிமொழி குடுத்திருக்காங்க.”

மார்வாவுக்குச் சுரீரென்றது.

“படிச்சுப் பாத்தாங்களாமா? என் கணக்கப் படிச்சவங்களுக்கு இப்படி எழுத மனசு வருமா? மூணு வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் வீட்ல இருந்ததில்லீங்க. யாரந்தப் புண்ணியவான்? இங்க வரச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்!”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். காவலர் திரும்பி முறைத்தார்.

“நியாயமாத்தானே கேக்கறாங்க” என்றார் நீதிபதி. “இந்த ஒரு தாள விட்டா உங்ககிட்ட வேற ஆதாரமே இல்லை, கெஸ்லர். சாட்சிய வரவழைங்க. வராட்டி வழக்கத் தள்ளிடுவேன். யாரு அவங்க?”

நாற்பது வழக்குக் கட்டுகளோடு வந்திருந்த கெஸ்லர் எந்தக் கட்டையும் முழுதாகப் புரட்டியதில்லை.

“அதுங்க ஐயா... கையெழுத்தெல்லாம் வெளி ஆபீஸ் ஒண்ணுல குடுத்து வாங்கறது. எங்கள மாதிரிப் பல கம்பெனிக்கும் அவங்கதான் பண்ணித் தர்றாங்க. கடைசிப் பக்கம் மேல இருக்கற மாதிரி மடிச்சு, கட்டுக் கட்டா அனுப்புவோம். மறுநாளே திரும்பி வந்துடும்.”

“படிக்கறதுக்கு நேரம் வேண்டாமா?” என்று கேட்டார் நீதிபதி. கெஸ்லர் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தான். பெயரைப் பார்த்தான். நிமிர்ந்து மார்வாவைப் பார்த்தான். நடந்து வந்து தாளை அவள் முன்னால் வைத்தான்.

“படிக்காம சத்தியம் பண்றவங்களுக்கெல்லாம் நல்ல கதியா வரும்?” என்று முணுமுணுத்தபடியே மார்வா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

கீழே இருந்த கையெழுத்தின்மேல் அவள் விரல் போய் நின்றது.

“என்னம்மா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார் நீதிபதி. “யாரு?”

“நாந்தாங்க.”